நான்கு பாட்டில், ஒரு செட் கிளட்ச் தட்டு

"இன்ஜின் ஆயிலோடு ஏதோ ஊற்றுகிறீர்களே, நானும் வாங்கட்டுமா?" என்று மைத்துனர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. கிளட்ச் தட்டுகளுக்கும் கூலிக்குமாக 1,850 ரூபாய் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு தினமும் 125 சிசி பைக்கில் போய் வருகிறேன். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவேன். ஒவ்வொரு முறையும் கூடவே இந்த உராய்வு குறைப்பான் ஒரு பாட்டில், 350 ரூபாய். இப்படி நான்கு பாட்டில் ஊற்றியாயிற்று.

ஒன்றை மறுக்க முடியாது. இன்ஜின் அடங்கிவிட்டது. காலையில் உதைத்ததும் எழும் கடகடப்பு இல்லை. தவளக்குப்பம் தாண்டி அறுபதில் போகும்போது கால்மிதியில் ஏறும் அதிர்வும் பாதியாகக் குறைந்தது. புது ஆயில் ஊற்றினாலே இரண்டு நாள் இப்படித்தான் இருக்கும் என்பது தெரியும். ஆனால் இது அடுத்த ஆயில் மாற்றம் வரை நீடித்தது. பைக் ஓட்டுவதே சுகமாக இருந்த மாதங்கள் அவை.

மைலேஜ் கதை வேறு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: முன்பு 61, பிறகு 62. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மிச்சமாவது முக்கால் லிட்டர் சொச்சம்; எண்பது ரூபாய்கூடத் தேறாது. புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை பங்க்கில் விலை குறைவான பெட்ரோலைப் போட்டுக்கொண்டு கடலூருக்குள் நுழைவதே அதைவிட லாபம்.

நான்காவது பாட்டிலில்தான் வினை தொடங்கியது. மாலையில் எதிர்க்காற்றோடு சுண்ணாம்பாற்றுப் பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. கேபிளைத் தளர்த்திப் பார்த்தோம், பயனில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டு, "என்ன சார் ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன். சிரித்தார்.

காரில் கிளட்ச் தனியே உலர்ந்து கிடக்கிறது. நம் பைக்கிலோ அது இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கிறது. தட்டும் தட்டும் உரசிப் பிடித்தால்தான் சக்கரம் சுழலும். உராய்வைக் குறைக்க வேண்டிய இடமும், உராய்வே உயிரான இடமும் ஒரே ஆயிலில். இதற்காகவே பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறியீடு) எம்ஏ, எம்ஏ2 என்று போடுகிறார்கள். கிளட்ச் பிடிப்பைக் கெடுக்காது என்று பொருள். உராய்வு குறைந்த வகைக்கு எம்பி என்று பெயர், அது ஸ்கூட்டருக்கு. எம்ஏ2 ஆயிலைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குள் நானே வழுக்கலைக் கலந்திருக்கிறேன்! பாட்டிலிலோ 'எல்லா இன்ஜினுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்து. கிளட்ச் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான்.

நியாயமாகச் சொன்னால், அந்தத் தட்டுகள் 38,000 கிலோமீட்டர் ஓடியவை. அரியாங்குப்பம் நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்வது என் பழைய கெட்ட பழக்கம். மெக்கானிக் அதையும் சொல்லிக் காட்டினார். பாட்டில் இல்லாமலேயே தேய்ந்திருக்கலாம். இருக்கலாம்தான். ஆனாலும் மூன்றாவது பாட்டில் வரை ஒரு நாளும் வழுக்கவில்லையே?

புதுத் தட்டுகளை இரவு முழுக்க ஆயிலில் ஊறப்போட்டுத்தான் மாட்டினார். வெறும் ஆயில், கலப்படம் இல்லை. பழைய கடகடப்பு திரும்பிவிட்டது. பாலத்தில் வண்டி ஏறுகிறது.

மைத்துனரிடம் வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கி வைத்த ஐந்தாவது பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வராமல், பாதியை மனைவியின் ஸ்கூட்டரில் ஊற்றினேன். அதன் கிளட்ச் பெல்ட்டோடு தனிக் கூட்டில் உலர்வாக இருக்கிறது, ஆயில் அங்கே எட்டாது. ஸ்கூட்டர் இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. மீதிப் பாதி அலமாரியில் இருக்கிறது, அடுத்த ஆயில் மாற்றத்துக்கு.