லைவ் லினக்ஸில் உள்நுழைவுத் தடை: வெற்றுக் கடவுச்சொல்லா, அறிவிக்கப்பட்ட கடவுச்சொல்லா?

கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தோ வட்டிலிருந்தோ நேரடியாக இயங்கும் லைவ் லினக்ஸ் பெரும்பாலும் எதையும் கேட்காமல் நேரே மேசைத்திரையைத் திறந்துவிடும். அதில் உள்நுழைவுத் திரை வந்து நின்றால், ஒன்று தானாக உள்நுழையும் ஏற்பாடு தடைபட்டிருக்கிறது, அல்லது சற்று நேரம் விட்டிருந்ததில் திரை பூட்டிக்கொண்டிருக்கிறது. வன்தட்டில் நிறுவிய கணினியின் கடவுச்சொல்லைப் பலர் அங்கே கொடுத்துப் பார்ப்பார்கள். லைவ் அமைப்புக்கு அது தெரியாது என்பதால் பயனில்லை. பிறகு எதைக் கொடுப்பது என்பதில் வழங்கல்கள், அதாவது லினக்ஸின் வெவ்வேறு வடிவங்கள், இரு வழியாகப் பிரிகின்றன: சில கடவுச்சொல்லை வெறுமையாக விடுகின்றன, சில எல்லோருக்கும் அறிவித்த ஒரே கடவுச்சொல்லை வைக்கின்றன.

உபுண்டுவில் பயனர்பெயர் உபுண்டு, மின்டில் மின்ட், ஃபெடோராவில் லைவ்யூசர். மூன்றிலும் கடவுச்சொல் கட்டத்தை வெறுமையாக விட்டு என்டர் விசையை அழுத்தினால் போதும். டெபியனிலோ பயனர்பெயர் யூசர், கடவுச்சொல் லைவ். எம்எக்ஸ் லினக்ஸில் இரண்டுமே டெமோ. காளியில் இரண்டும் காளி என்றே இருக்கும்; 2020.1 பதிப்புக்கு முந்தைய வட்டானால் ரூட் என்ற பயனர்பெயரும் அதைத் திருப்பி எழுதிய டூர் என்ற கடவுச்சொல்லும் வேண்டும். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

வெற்றுக் கடவுச்சொல்லில் நினைவில் வைக்க ஏதுமில்லை, விசைப்பலகை அமைப்பும் குறுக்கிடாது. அறிவிக்கப்பட்ட கடவுச்சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை: பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தை அமெரிக்க அமைப்பு க்யூ என்று படிப்பதால், காளியின் கடவுச்சொல் சரியாகத் தட்டியும் தவறாகவே போகும். கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதே எழுத்துகளைப் பயனர்பெயர்க் கட்டத்தில் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் பழுதான கணினிக்குள் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (பிணையம் வழியே தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) வழியே நுழைய வேண்டுமானால் நிலைமை தலைகீழாகிவிடும். வெற்றுக் கடவுச்சொல்லை எஸ்எஸ்எச் சேவையகம் இயல்பாகவே மறுக்கும். ஆர்ச் லினக்ஸ் வட்டு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) தானே நுழைந்துவிடும் என்றாலும், தொலைவிலிருந்து வர அங்கும் முதலில் கடவுச்சொல் அமைத்தாக வேண்டும். வீட்டில் ஒரு கணினியில் லினக்ஸை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு உபுண்டுவின் வழியையும், மீட்புப் பணி செய்பவருக்கு டெபியனின் வழியையும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கடவுச்சொல் ஏற்கப்பட்டும் திரை கருத்து, மீண்டும் உள்நுழைவுக்கே திரும்பினால், அது வேறு நோய். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குச் செல்லுங்கள். அங்கே அதே விவரங்களுடன் நுழைய முடிந்தால் குற்றம் கடவுச்சொல்லில் இல்லை, பெரும்பாலும் வரைகலை இயக்கியில் இருக்கும். இந்நிலையில் பென்டிரைவை மீண்டும் எழுதுவதைவிட, கணினி துவங்கும்போது வரும் கிரப் என்ற துவக்கப் பட்டியில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துவதே முதலில் செய்யத்தக்கது. ஒரு நிமிட வேலை. அடுத்த துவக்கத்தில் சேர்த்த அந்தச் சொல் தானே மறைந்துவிடும்.

முனையமும் மறுத்தால், மாற்றங்களைச் சேமிக்கும் வசதியுடன் தயாரித்த பென்டிரைவா என்று பாருங்கள், ஏனெனில் முன்பு மாற்றிய கடவுச்சொல் அதில் தங்கியிருக்கலாம். கிரப்பின் அதே லினக்ஸ் வரியில் டெபியனானால் பெர்சிஸ்டன்ஸ், உபுண்டுவானால் பெர்சிஸ்டன்ட் என்ற சொல்லை நீக்கித் துவக்கினால் மேலே சொன்ன இயல்பான விவரங்கள் மீண்டும் செல்லும். பதிவிறக்கிய கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 மதிப்பைச் சரிபார்த்து மறுபடி எழுதுவதை இதற்குப் பின்னரே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதும்போது பென்டிரைவில் சேமித்திருந்த கோப்புகளும் அழிந்துபோகும்.