இடுப்புவலிக்கு 'மனசு மாத்திரை': துலோக்செட்டின் அனுபவம்

நாள்பட்ட இடுப்புவலிக்கு துலோக்செட்டின் சாப்பிட ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். வலி மட்டும் விடவில்லை. வலி மாத்திரைகளால் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

சீட்டை வாங்கிப் பார்த்த மருந்துக்கடை அண்ணன் குரலைத் தாழ்த்தி, “சார், இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிறதாச்சே?” என்றார். உண்மைதான். அமெரிக்காவில் 2004இல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. நாள்பட்ட தசை, எலும்பு வலிகள் 2010இல் சேர்ந்தன. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, வலியை அங்கேயே மட்டுப்படுத்தும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அது வேலை செய்ய செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனங்கள் வேண்டும்; இந்த மருந்து அவற்றைக் கூட்டுகிறது. மனநிலையிலும் இவற்றுக்குப் பங்குண்டு. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் இந்த மருந்து வலியைக் குறைக்கிறது. அதனால் “எல்லாம் உன் மனசுலதான் இருக்கு” என்று உபதேசம் செய்யும் உறவினர்கள் கொஞ்சம் சும்மா இருக்கலாம்.

எனக்கு முதலில் 30 மி.கி., அப்புறம் 60. ஆரம்பத்தில் குமட்டல் பாடாய்ப் படுத்தியது. தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டதும் அடங்கியது. வாய் வறட்சி இன்னும் இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் பிடரி வியர்க்கும்.

வலி குறையச் சில வாரங்கள் பிடித்தன. அடியோடு போகவில்லை. ஆனால் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கக் குனியும்போது முன்பெல்லாம் வாஷ்பேசினை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன்; ஒருநாள் பார்த்தால், பிடிக்காமலேயே குனிந்திருக்கிறேன். குனிந்தால் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் விட்ட பிறகுதான், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிசியோதெரபி பயிற்சியையே ஒழுங்காகச் செய்ய முடிந்தது. பயிற்சி இல்லாமல் மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு தேறியிருக்க மாட்டேன்.

ஒருமுறை வெளியூரில் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லாமல் மாத்திரை விட்டுப்போனது. தலையைத் திருப்பினாலே உள்ளே சுருக்கென்று ஷாக் அடித்தது, கூடவே கிறுகிறுப்பு. இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்தோ மென்றோ சாப்பிடக்கூடாது. குடிப்பழக்கம், ஈரல் கோளாறு, பிபி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு டாக்டர் வலிக்கு டிரமடால் எழுதினால், துலோக்செட்டின் சாப்பிடுவதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகலாம்.