சேலத்தில் சில்லரா, ஏற்காட்டில் ஃபேனா? நியூட் தொட்டிக்கு எது தேறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு ஏற்காட்டுத் தொட்டிக்குத்தான். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில், தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷினான சில்லர் மாட்டிய இரண்டடித் தொட்டி ஒன்று, ஏற்காட்டில் அக்கா வீட்டில் இரண்டு குட்டி ஃபேன் மட்டும் வைத்த, அதே அளவுத் தொட்டி இன்னொன்று. இரண்டிலும் ஒரே நாளில் வாங்கிய சீன ஃபயர் பெல்லி நியூட்கள். முதலில் ஆறும் சேலத்தில்தான் இருந்தன. இப்போது கீழே இரண்டு, மேலே மூன்று. கணக்கில் ஒன்று இடிக்கிறதே என்றால், அந்த ஒன்றால்தான் இவ்வளவும் எழுத வந்தேன்.

நியூட் தெரியாதவர்களுக்கு: விரல் நீளம், முதுகு கறுப்பு, வயிறு மட்டும் நெருப்புச் சிவப்பு. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் சொந்தம். தென்னிந்தியாவில் இயற்கையில் நியூட்டே கிடையாது. டார்ஜிலிங் பக்கம் இருக்கும் இமயமலை நியூட் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, அதை யாராவது விற்கிறேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். செவுள் விரித்துச் சிரிக்கிற மாதிரி இருக்குமே, நியூட்டின் சொந்தக்காரனான ஆக்சலாட்டல், அது சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

தொட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நிரம்பினால் 55 லிட்டர் பிடிக்கும், நான் ஏழு அங்குலம்தான் நிரப்புகிறேன், 33 லிட்டர் சொச்சம். உயரமான தொட்டியைவிட அகலமானது நல்லது. ஓர் ஓரத்தில் ஏறி உட்காரக் கல், நிறைய ஜாவா பாசி, மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். வேகமாகத் தண்ணீர் தள்ளும் பவர் ஃபில்டர் வேண்டாம், இதற்கு ஓட்டம் ஆகாது. வாயில் நுழையும் அளவுக் கூழாங்கல்லும் வேண்டாம், விழுங்கிவிடும். நியூட் இல்லாமலே ஃபில்டரை ஐந்தாறு வாரம் ஓட்டி, கழிவில் வரும் அமோனியா என்கிற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா அதில் வளர்ந்த பிறகுதான் நியூட்டை விட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஈரக் கண்ணாடியில் சரசரவென்று ஏறிவிடும். எங்கள் வீட்டில் ஒன்று தப்பித்து சோபாவுக்கு அடியில் தூசியைப் போர்த்திக்கொண்டு கிடைத்தது, அம்மா அதை அடிக்கத் துடைப்பம் எடுத்துவிட்டார். தோலில் நஞ்சு உண்டு, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இதெல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான். சேலத்தில் வளர்ப்பதா ஏற்காட்டில் வளர்ப்பதா என்று வரும்போது முடிவு செய்வது தண்ணீரின் சூடு மட்டும்தான்.

இந்த நியூட்டுக்கு 16 முதல் 20 டிகிரி வரை இதம். 24-ஐத் தாண்டினால் சுணங்கும், சாப்பாட்டை நிறுத்தும். 28-இல் நின்றால் உயிருக்கே ஆபத்து. எனக்கு விற்ற கடைக்காரர் "முப்பது வரைக்கும் தாங்கும் சார், கப்பி மாதிரிதான்" என்றார். கப்பி என்கிற குட்டி மீன் தாங்கும், இது தாங்காது. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் 38, 40 என்று நிற்கும்போது ஓட்டு வீடோ மாடி வீடோ உள்ளே 33, 34 இருக்கும். மேற்பரப்பில் காற்று அடிக்கும் ஃபேன் என்ன செய்கிறது என்றால், மண்பானை செய்வதைத்தான்: தண்ணீரை ஆவியாக்கி மிச்சத்தைக் குளிரவைக்கிறது. கிடைப்பது இரண்டு முதல் நான்கு டிகிரி. 34-இல் நான்கு போனால் 30. ஆக, சேலத்தில் வெறும் ஃபேனை நம்பி நியூட் வாங்கினால் மாசியில் வாங்கியது சித்திரையில் போய்விடும்.

எனவே சில்லர். என்னுடையது ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலைக்கு வந்தது. தெர்மோஸ்டாட்டில் 19 வைத்தால் 19-தான், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தொட்டியில் உறிஞ்சும் சூட்டை அறைக்குள் கக்கும், சின்ன அறை என்றால் நமக்கு வேர்க்கும், சில்லர் இன்னும் அதிகம் ஓடும். ஏறக்குறைய 150 வாட், கோடையில் நாளுக்கு 14 மணி நேரம் ஓடுகிறது. தினம் 2.1 யூனிட், ஒரு ஈபி பில்லுக்கு 126 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த குடும்பம், தாண்டிவிட்டோம். "பல்லிக்கு ஏசி, எனக்கு ஒரு டேபிள் ஃபேன்" என்று அம்மா இன்றுவரை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

பில்லைக்கூடக் கட்டிவிடலாம். போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தம். பேப்பரில் போட்டிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வீட்டு இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும்தான், சில்லர் அதில் இல்லை. ஏர் பம்பும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 29, ஆறும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு மிதக்கின்றன. பதற்றத்தில் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டியை அள்ளிக் கொட்டினேன், அது அடுத்த தப்பு. அரை மணி நேரத்தில் தண்ணீர் 21-க்கு இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒன்று செத்தது. சூட்டில் செத்ததா, என் ஐஸில் செத்ததா என்று சொல்லத் தெரியவில்லை. மற்றவை பத்து நாள் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே மூன்றை ஈரப் பாசியோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அக்கா வீட்டில் இறக்கினேன்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 278. அக்கா வீட்டின் வடக்கு அறை, சிமென்ட் தரை, வெயிலே விழாத மூலை. மே மாத மத்தியானத்தில் அறை 25, 26. ஃபேன் ஓடினால் தண்ணீர் 22, 23. இதம் என்று சொல்ல மாட்டேன், தாங்கும். அதுவும் மூன்று, நான்கு வாரம்தான். வைகாசி கடைசியில் மழை எட்டிப் பார்த்துவிட்டால் தானாகவே 20-க்குக் கீழே இறங்கிவிடும். மார்கழியில் 15, 16, ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கிறேன். ஃபேன் இரண்டும் சேர்ந்து 10 வாட். நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம்.

ஏற்காட்டில் கரண்ட் போகாதா என்று கேட்பீர்கள். கீழே போவதைவிட அதிகமாகவே போகும், காற்றில் சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் ராத்திரி முழுக்க வராது. ஆனால் அங்கே கரண்ட் போவது பெரும்பாலும் மழையிலும் காற்றிலும், அந்த நேரத்தில் ஃபேனே தேவையில்லை. சேலத்தில் கரண்ட் போவது வெயில் கொளுத்தும்போது, அதாவது சில்லர் ஓடியே ஆக வேண்டிய நேரத்தில். எனக்கு இந்த ஒரு விஷயமே போதும். பில், விலை, சத்தம் எல்லாம் சமமாக இருந்திருந்தாலும் நான் மலைக்குத்தான் போயிருப்பேன்.

ஃபேனுக்கும் ஒரு தொல்லை உண்டு. கோடையில் தண்ணீர் தினமும் ஒரு லிட்டர் அளவுக்குக் குறைகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். திரும்பத் திரும்பக் கடினத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடியில் வெள்ளைக் கோடு படிந்து, தண்ணீர் கஷாயம் ஆகிவிடும். சேலத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, மேக்னசைட் என்கிற மெக்னீசியக் கல்லை வெட்டுகிற ஊர். அக்கா வீட்டில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள், குறைந்ததை அதைக் கொண்டே நிரப்புகிறேன். கீழே குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, வாரம் கால் தொட்டி மாற்றுகிறேன். மாடித் தொட்டித் தண்ணீரை மட்டும் வெயில் காலத்தில் நேராக ஊற்றிவிடாதீர்கள், டீ போடலாம் போல் இருக்கும்.

சாப்பாட்டிலும் மேலே உள்ளவைதான் கொடுத்துவைத்தவை. சேலத்தில் மீன் கடையில் எப்போதும் கிடைப்பது டியூபிஃபெக்ஸ், சாக்கடைச் சேற்றில் வளர்கிற புழு, எவ்வளவு கழுவினாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிளட் வார்ம் என்கிற சிவப்புப் பூச்சிப் புழுவை உறைய வைத்த கட்டி சுத்தம், நியூட்டுக்கும் பிடிக்கும், ஆனால் கடையில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததா என்று யார் கண்டார்கள். குச்சி உணவை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், அது கரைந்து தண்ணீரைக் கெடுக்கும்.

மண்புழுதான் ராஜா. நறுக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினால் லபக்கென்று கவ்வும். ஆனால் எந்த மண்புழு என்பது முக்கியம். உரக்குழியில் விடும் சிவப்புப் புழுவில் ஒரு வகை, ஐசினியா, மஞ்சளாக ஒரு கசப்புத் திரவம் விடும், கவ்வியதும் துப்பிவிடும். யூட்ரிலஸ் என்கிற ஆப்பிரிக்கப் புழு என்றால் மறுபேச்சில்லாமல் உள்ளே போகும். ஏற்காட்டில் தோண்டினால் புழு, என்ன கவலை என்று நினைத்து முதல் வாரம் காப்பிச் செடிக்கு அடியிலேயே மண்வெட்டியைப் போட்டேன். மாமா ஓடி வந்து, "அங்கே வேண்டாம் மாப்ளே, போர்டோ கலவை அடிச்ச இடம்" என்றார். இலைத்துரு நோய்க்கு அடிக்கும் அந்தக் கலவையில் இருப்பது மயில் துத்தம், அதாவது தாமிரம். நியூட்டின் தோல் எதையும் உறிஞ்சும், தாமிரம் ஆகவே ஆகாது. இப்போது சமையலறைக் கழிவு போடும் வாழையடியில் மட்டும் தோண்டுகிறோம். எடுத்த புழுவை ஒரு நாள் ஈரத் தென்னை நாரில் வைத்து, வயிற்று மண் வெளியேறிய பிறகே நறுக்குவது.

பெரிய நியூட்டுக்கு வாரம் மூன்று நாள், பொழுது சாய்ந்ததும். ஒவ்வொன்றுக்கும் அதன் தலை அளவு இரண்டு துண்டு. கால் மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துவிட வேண்டும். சேலத்தில் கோடையில் கரண்ட் போய்த் தண்ணீர் சூடேறினாலே பாதிதான் சாப்பிடும், மிச்சம் அழுகும். மேலே ஒருமுறைகூட மிச்சம் வைத்ததில்லை. நான் போக முடியாத வாரங்களில் அக்கா பார்த்துக்கொள்கிறாள், இடுக்கியைத் தொடக் கூச்சம், ஒரு கரண்டியால் போடுகிறாள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதால் அவளைத் தொந்தரவு செய்வதும் இல்லை.

எல்லோருக்கும் ஏற்காட்டில் அக்கா இருக்க மாட்டாள், சரிதான். சேலத்திலேயே வளர்த்தாக வேண்டும் என்றால் சில்லரையும் ஏர் பம்பையும் தாங்கும் அளவுக்கு இன்வெர்ட்டரை முதலில் பாருங்கள், தொட்டியை அப்புறம் வாங்கலாம். ஏசி அறையில் வைப்பதைச் சிலர் சொல்கிறார்கள், நான் சில்லர் சர்வீஸுக்குப் போன பத்து நாள்தான் அப்படி வைத்தேன், ராத்திரி 23, பகலில் ஏசியை நிறுத்தினால் 28. பத்து நாள் அனுபவத்தை வைத்து அதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஐஸ் உறைந்த பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும், தினமும் அதையே செய்ய முடியாது. வளர்க்க முடியாமல் போனால் ஏற்காடு ஏரியில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வெளிநாட்டு நியூட்கள் சுமக்கும் பூஞ்சை நோய் நம் தவளைகளுக்கு வந்தால் திருப்பி எடுக்க வழியில்லை.

போன தை மாதம் மேல் தொட்டியில் ஜாவா பாசி இலைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக முட்டை ஒட்டியிருந்தது. கீழே இரண்டு வருடத்தில் ஒரு முட்டை பார்த்ததில்லை. பதினேழு எண்ணினேன், பெரியவை தின்றுவிடாமல் இருக்க அக்காவின் பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றினேன், ஒன்பது பொரிந்தது. குஞ்சுக்கு ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலை முட்டையிலிருந்து பொரிக்க வைத்துப் போட வேண்டும் என்பது தெரியும், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மலையேறுகிறவனால் அது ஆகவில்லை. இந்தத் தை மாதத்துக்குப் பதினைந்து நாள் லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.