வயித்துத் தண்ணி எடுக்கற பாட்டிலை ஆன்லைன்ல வாங்காதீங்க – ரூ.18,600 போச்சு

வேலூர்ல கேன்சர் வைத்தியத்துக்கு ரூம் எடுத்துத் தங்கியிருக்கறவங்க, உள்ளூர்க்காரங்க, எல்லாரும் படிங்க. எரிச்சல்ல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு சினைப்பை கேன்சர். வயித்துல தண்ணி திரும்பத் திரும்ப சேர்றதால நிரந்தரக் குழாய் வெச்சிருக்காங்க. குழாயோட வெளி நுனியில ஒரு வால்வு இருக்கும். காத்தை உறிஞ்சி எடுத்து சீல் வெச்ச பாட்டிலோட ட்யூப் நுனியை அதுல சொருகினா ‘டிக்’னு உக்காரும். ட்யூப்பை இறுக்கிப் பிடிச்சிருக்கற கிளாம்பைத் தளர்த்தினா தண்ணியை பாட்டிலே இழுத்துக்கும். இதுல ஒரு விஷயம்: அந்த நுனி அந்தந்தக் கம்பெனி வால்வுக்குத்தான் பொருந்தும். மாத்திப் போட்டா வால்வு திறக்காது. அழுத்தித் திணிச்சா வால்வு கெட்டுப்போய் காத்தும் கிருமியும் வயித்துக்குள்ள போக வழியாயிடும்.

ஆஸ்பத்திரி சாமான் விக்கற ஒரு ஆன்லைன் தளத்துல இந்த பாட்டிலைக் கேட்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல வந்த ஆள் முதல்ல கேட்டதே, “அக்கா, வால்வை கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்புங்க”ன்னுதான். வாரத்துக்கு எத்தனை தடவை எடுக்கறீங்க, தண்ணி என்ன நிறத்துல வருதுன்னு அடுத்தடுத்து கேட்டாரு. வார்டு நர்ஸ் கேக்கற அதே கேள்விங்க. அங்கதான் நம்பிட்டேன். “அதே மாடல்தான் அக்கா, ஃபிட் ஆகலைன்னா நான் பொறுப்பு.” 1 லிட்டர் பாட்டில் 10, ஒண்ணு ரூ.1,860, மொத்தம் ரூ.18,600. பில் பார்சல்ல வரும்னாரு. பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு இல்ல, ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு. அப்பவே யோசிச்சிருக்கணும்.

பார்சல் சத்துவாச்சாரிக்கு வரவே ஆறு நாள். பில் இல்ல. பாட்டில் மூடி மேல இருக்கற மெத்துன்னு மடிப்பு உள்ள அமுங்கியிருந்தாத்தான் உள்ள இழுவை இருக்குன்னு அர்த்தம். 10-ல 7 பாட்டில்ல அது பொம்முனு உப்பிக்கிட்டு நிக்குது. அதெல்லாம் வெறும் டப்பா. மீதி மூணுக்கு நுனியே வால்வுல உக்காரல. காலாவதி தேதி மேல இன்னொரு ஸ்டிக்கர் வேற.

அந்தத் தளத்துக்கு போன் போட்டா, “கிருமிநீக்கம் பண்ணின பொருள், கவர் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது மேடம்.” பிரிக்காம எப்படிங்க சொருகிப் பாக்கறது? மறுநாள், “பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” அதுக்கடுத்த நாள், “உங்க நர்ஸ் சரியா போடல.” நடுவுல அந்த வாட்ஸ்அப் ஆள், “அம்மா இப்ப எப்படி இருக்காங்க அக்கா?”ன்னு ஒரு கும்பிடு பொம்மை. ரூ.18,600 எங்கன்னு கேட்டதும் நீல டிக் மட்டும் விழுது, பதில் இல்ல.

அதுக்குள்ள வயிறு கல்லு மாதிரி ஆகி, மல்லாக்கப் படுக்க முடியாம மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரி டே கேர்ல சரியான பாட்டில் போட்டு 2 லிட்டர் எடுத்த பிறகுதான் ரெண்டு வாய் கஞ்சி உள்ள போச்சு.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் ஆரம்பிச்சேன். மாத்திரை நேரம் ஆயிடுச்சு, அவசரமா சொல்றேன். குழாய் வெச்ச அன்னிக்கே வார்டுல கம்பெனி பேரும் மாடல் எண்ணும் எழுதி வாங்கிக்கங்க. பாட்டிலை ஐடா ஸ்கடர் ரோட்டுப் பக்கம் சர்ஜிக்கல் கடையில நேர்ல, கையில எடுத்து மடிப்பைப் பாத்து, பில்லோட வாங்குங்க. லேபிள்ல பேட்ச் எண், காலாவதி, இறக்குமதி சரக்குன்னா உரிம எண் இருக்கணும். முதல்ல ஒரே ஒரு பாட்டில் போட்டுப் பாத்துட்டு மீதியை வாங்குங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம்னு டாக்டர் கையால எழுதி வாங்குங்க. எடுக்கும்போது வயிறு பிடிச்சு இழுத்தா கிளாம்பை இறுக்கி வேகத்தைக் குறைங்க, தலை சுத்தினா நிறுத்திடுங்க. பாட்டில் பொருந்தலைன்னு வால்வுல ஊசி, சிரிஞ்சுன்னு எதையும் குத்தாதீங்க. தண்ணி கலங்கி வந்து காய்ச்சலும் வயித்து வலியும் இருந்தா விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பணம் ஏமாந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நான் ரெண்டுலயும் சொல்லிட்டேன், புகார் எண் கைல இருக்கு. ரூ.18,600 இன்னும் வரல.