ஒரு பழைய கன்சோல், ஏழு வருஷம்: காசு கேட்ட கேமும் கேட்காத கேமும்

2018 டிசம்பரில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கன்சோல், டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் மெஷின். 17,000 ரூபாய், இரண்டு கன்ட்ரோலர், கூடவே ஓசியில் ஒரு கால்பந்து கேம் டிஸ்க். வீடு தண்டையார்பேட்டையில், கடல் பக்கம். உப்புக்காற்றும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற ட்ரெய்லர் லாரிகள் கிளப்புகிற புழுதியும் சேர்ந்து உள்ளே இறங்கி, இப்போது கன்சோலுக்குள் இருக்கிற ஃபேன் போடுகிற சத்தத்துக்கு அம்மா வாசலில் பூக்காரியிடம் பேசிக்கொண்டே "மிக்ஸியை யாருடா போட்டது" என்று கேட்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை பிரித்துத் துடைத்து, சிப்பின் சூட்டை இறக்குகிற பேஸ்ட்டை மாற்றி ஓட்டுகிறேன். ஓடுகிறது. மெஷினைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் எழுத வந்தது வேறு. இந்த ஏழு வருஷத்தில் இதில் விளையாடியவையும், அதே காலத்தில் தியேட்டரில் பார்த்தவையும் என்னிடம் எப்படிக் காசு கேட்டன என்று ஒரு கணக்கு. பெரிய பட்ஜெட் என்றாலே வியாபாரம், அதில் கலை எங்கே இருக்கு என்று ஒரு கட்சியும், போட்ட காசை எடுக்க வேண்டாமா என்று ஒரு கட்சியும் எங்கள் டீக்கடையில் உண்டு. எனக்கு இரண்டுமே சரியாக ஒட்டவில்லை. காசு கேட்கட்டும். எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறான் என்றுதான் நான் பார்ப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அந்தக் கால அமெரிக்காவில் குதிரையில் சுற்றுகிற ஒரு கொள்ளைக்காரனின் கதை. கேம் வந்தது 2018 அக்டோபர் 26, நான் வாங்கியது அடுத்த வருஷம், யாரோ ஆடி முடித்துவிட்டு விற்ற டிஸ்க். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், அதில் ஒன்று இன்ஸ்டால் பண்ண மட்டும். சனிக்கிழமை ராத்திரி போட்டுவிட்டுக் காத்திருந்தால் நடுவில் கரன்ட் போனது. மறுநாள் ஒருவழியாகத் தொடங்கினால் ஒரே பனி, குதிரை முழங்கால் பனியில் தள்ளாடுகிறது, இரண்டு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் சரக்கு யார்டில் என்னோடு வேலை செய்கிற பையன், "அண்ணே, செம மொக்கைண்ணே, வித்துடுங்க" என்றான். சோம்பேறித்தனத்தில் விற்காமல் விட்டேன்.

மூன்றாவது வாரம் பிடித்துக்கொண்டது. மானை அடித்தால் ஹீரோ கத்தியை எடுத்துத் தோலை உரித்து முடிக்கிற வரை நாம் நின்று பார்க்க வேண்டும். உடலைத் தூக்கிக் குதிரையின் பின்பக்கம் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய் விற்கலாம், ஆனால் நாள் கணக்காகச் சுற்றினால் அழுகிவிடும். தாடி வளரும், நாம்தான் மழித்துவிட வேண்டும். குதிரை சேற்றில் புரண்டால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஹீரோவிடம் ஒரு நோட்டு இருக்கிறது, போகிற இடத்தில் பார்ப்பதையெல்லாம் பென்சிலில் வரைந்து பக்கத்தில் நாலு வரி எழுதுவான். அதை நாம் திறக்காவிட்டாலும் கேம் கோபித்துக்கொள்ளாது. யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட் அந்தப் பக்கங்களை உட்கார்ந்து வரைந்திருக்கிறார், எத்தனை பேர் திறப்பான் என்று கணக்குப் பார்க்காமல். இத்தனைக்கும் முதல் மூன்று நாளில் உலகம் முழுக்க 72.5 கோடி டாலருக்கு மேல் விற்றதாக அந்தக் கம்பெனியே அறிவித்த கேம் இது. அவ்வளவு பெரிய வியாபாரம், ஆனால் கதைக்குள் நுழைந்துவிட்டால் நம் பர்ஸைப் பற்றிப் பேச்சே கிடையாது. மற்றவர்களோடு சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் பக்கம் போனால் நிஜக் காசுக்குத் தங்கக் கட்டி விற்கிற கடை இருக்கிறது, அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கேம் வெளிவருகிற சமயத்தில், வாரத்துக்கு 100 மணி நேரம் வேலை செய்தோம் என்று அதை எழுதியவர்களில் ஒருவரே பேட்டியில் சொல்லி, சண்டை கிளம்பி, அப்புறம் அது மூத்த எழுத்தாளர்கள் சிலர் மட்டும்தான், மூன்று வாரம்தான் என்று விளக்கம் கொடுத்தார்கள். கப்பல் வந்துவிட்டால் யார்டில் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தவன் நான். குதிரை கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்து வாயைப் பிளக்கும்போதெல்லாம், இது யாருடைய தூக்கம் என்று ஒரு நிமிஷம் தோன்றும்.

அதே அக்டோபரில், ஒன்பது நாள் முன்னாடி, 17-ந்தேதி 'வடசென்னை' வந்தது. எங்களுக்கு அது படம் பார்க்கப் போன மாதிரியே இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் சாப்பாட்டைக் குறை சொல்கிற மாதிரி இருந்தது. ஹீரோ கேரம் ஆடுகிறவன் இல்லையா, தெருவுக்கு ஒரு கேரம் கிளப் இருக்கிற ஊரில் சும்மா விடுவார்களா, எனக்குப் பின் சீட்டில் ஒரு பெரியவர் படம் முழுக்க ஸ்ட்ரைக்கர் பிடிக்கிற விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெரிய ஸ்டார், பெரிய ரிலீஸ், ஆனால் நேரம் எடுத்துக்கொண்டு, ஆள் மேல் ஆளாக அடுக்கிக்கொண்டு போன படம். ஹிட்டுக்கான படமும் பொறுமையாக இருக்கலாம் என்று அந்த ஒரே மாதத்தில் இரண்டு தடவை பார்த்தேன்.

ஆனால் ஒன்று ஓடினால் அதை அச்சு வார்த்துவிடுவார்கள். அப்புறம் வந்த எத்தனையோ படங்களில் எங்கள் ஏரியா என்றால் மேலேயிருந்து ஒரு ட்ரோன் ஷாட், மீன் ஏலம், ஒரு கானா, ஒரு கத்தி. டிவியில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது: "ஏன்டா, இவனுங்க படத்துல நம்ம ஏரியால ஒருத்தனும் வேலைக்கே போக மாட்டானா?" பெரிய கேம்களிலும் இதே அச்சு உண்டு. கோபுரம் ஏறு, வரைபடம் திறக்கும், நூறு புள்ளி தெரியும், ஒவ்வொன்றாகப் போய் அழி. ஊர் மட்டும் மாறும்.

இப்போது என் கதை. ஓசியில் வந்ததே அந்தக் கால்பந்து கேம், பெயர் வேண்டாம். அதில் வீரர்கள் சீட்டுப் பாக்கெட்டில் வருவார்கள், பாக்கெட்டை ஆடியும் சம்பாதிக்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். முதலில் 400 ரூபாய்தான் போட்டேன். பாக்கெட்டைத் திறந்தால் இருட்டு, ஒரு சுரங்கப் பாதை, விளக்கு ஒவ்வொன்றாக எரிகிறது. முதலில் நாட்டுக் கொடி. அப்புறம் எந்த இடத்தில் ஆடுகிறவன். அப்புறம் கிளப். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கடைசியில் ஏதோ ஒரு மாற்று ஆட்டக்காரன் வந்து கைதட்டிவிட்டுப் போவான். வருஷா வருஷம் மைதானத்தில் அதே பழைய ஓட்டம், கோல்கீப்பரின் அதே அசட்டுத்தனம். இந்தப் பத்து விநாடி மட்டும் ஒவ்வொரு வருஷமும் இன்னும் அழகாகிக்கொண்டே போனது. அந்தக் கேமிலேயே ரசித்து ரசித்துச் செய்த இடம் அதுதான். நல்ல கைக்காரனைக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மூன்று வருஷத்தில் போனது எவ்வளவு என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கூட்டினேன். 11,350 ரூபாய். அடுத்த பதிப்பு வந்ததும் சேர்த்த டீம் அப்படியே பூஜ்யம். வியாசர்பாடியில் மைதானத்தில் ஆடுகிற நண்பன் ஒருத்தன், "அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் நாலு ஜோடி வருமேடா" என்று சிரித்தான். பதில் இல்லை.

காசு தின்கிற கேம் எனக்குப் புதுசு கிடையாது. சின்ன வயதில் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை, ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்ற அதன் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அது 'முஸ்தபா'தான். சீக்கிரம் சாகடித்து அடுத்த காயினைப் பிடுங்கத்தான் அந்த மாதிரி மெஷினைக் கஷ்டமாகச் செய்தார்கள், பச்சை வியாபாரம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார், ஒரே காயினில் கடைசி வரை போவார். பின்னால் பத்துப் பேர் நின்று பார்ப்போம், கடைக்காரர் முகம் இஞ்சி தின்ற மாதிரி இருக்கும். கை தேர்ந்தால் காசு மிச்சம், அது ஒரு நியாயம். சீட்டுப் பாக்கெட்டில் எந்தக் கையும் செல்லாது. 2018-ல் பெல்ஜியத்தில் சில கேம்களில் இப்படி உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தார்கள், அதற்கு முந்தைய வருஷம் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2-க்கு ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில் ரிலீஸுக்குச் சற்று முன்னால் கேமுக்குள் இருந்த காசுக் கடையை மூடினார்கள். 2006-ல் ஓப்ளிவியன் என்ற கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே கேலி பண்ணியது. இன்று இரண்டரை டாலர் என்றால் மலிவு என்பான்.

சினிமாவிலும் வியாபாரம் கலைக்குள் கை வைத்திருக்கிறது, ஆனால் ஒரு விஷயத்தில் நம்மவர்கள் அதை வளைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இடைவேளை. பாப்கார்னும் சமோசாவும் விற்க வேண்டும், விளக்கைப் போட்டாக வேண்டும். வெளிநாட்டுப் படத்தில் ஒருத்தன் பாதி வசனம் பேசும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள், பரிதாபமாக இருக்கும். தமிழில் அந்தக் கட்டாயத்தையே ஒரு வித்தையாக ஆக்கி, இன்டர்வெல் பிளாக்குக்கென்றே தனியாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2020-ல் மூடிவிட்ட எங்கள் அகஸ்தியா தியேட்டரில் இடைவேளையில் கேன்டீனுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்த படங்கள் எனக்கு உண்டு. இப்போது அது போய், படத்தின் முடிவையே இன்டர்வெல் ஆக்கி, மிச்சத்தை அடுத்த டிக்கெட்டுக்கு வைக்கிற பழக்கம் வந்திருக்கிறது. பெரிய கதைக்கு இரண்டு பாகம் வேண்டும் என்றால் சரி. கடைசி ஐந்து நிமிஷத்தில் புதுசாக ஒரு ஸ்டாரைக் கூட்டி வந்து சுருட்டுப் பிடிக்க விட்டு முடிப்பது பாக்கெட் திறக்கிற வேலைதான், கொடி, இடம், கிளப்.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கும்போது போனில் ஒரு கேமில் சட்டை வாங்குகிறேன் என்று அக்காவின் ஜிபேயிலிருந்து 3,000 ரூபாயைக் காலி பண்ணியவன். இப்போது காலேஜ். போன மாதம் லீவுக்கு வந்தவனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பனியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, "இன்னா மாமா இது, நடக்கறதுக்கா காசு குடுத்த?" என்றான். பேசாமல் இருந்தேன். போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு குதிரைக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கால்பந்து டிஸ்க் யாருக்காவது வேண்டுமென்றால் 100 ரூபாய்க்குத் தருகிறேன், மூன்று பதிப்பும் இருக்கிறது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதுகூடத் தர மாட்டேன் என்கிறார்கள். குதிரை டிஸ்க்கைக் கேட்காதீர்கள், அவன் இன்னும் மூன்றாவது சாப்டரில்தான் இருக்கிறான்.