பொடக்காலியில் ஒரு நீச்சல் குளம்: நான்கில் எது கட்டுப்படியாகும்?

அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே ஈரோட்டில் வெயில் பலமுறை சதம் அடித்துவிடும். பரீட்சை முடிந்த மறுநாளே அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் பையோடு வந்து இறங்கிவிடுவார்கள். "மாமா, இந்த வருஷம் நீச்சல் குளம் உண்டுதானே?" என்பதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி. எங்கள் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் போக ஒன்றரை சென்ட் இடம் மிச்சம் இருக்கிறது. அந்த இடத்தை வைத்துக்கொண்டு நான்கு கோடைகளாக நான் பார்த்ததையும் பட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றடைக்கும் குளம். ஐந்தடி அகலம், மூன்று வளையம், அடியில் மீன் படம். விலை குறைவு, ஊத வாய் வலிக்கும், அவ்வளவுதான். சைக்கிள் பம்பு இருந்தால் அந்த வலியும் இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 400 லிட்டர் பிடிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இதைவிட நல்லது வேறு இல்லை. பத்து வயதுப் பையனுக்கோ இது குளம் இல்லை, பெரிய தாம்பாளம். எங்கள் வீட்டில் மூத்தவன் முதல் நாளே அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் பாதி வெளியே போயிற்று, அவனும் கூடவே போனான்.

இதில் ஒரு கணக்கை நான் தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தேன். சின்னக் குளத்துக்கு வடிகட்டி கிடையாது. பிள்ளைகள் புல்லும் மண்ணுமாக ஏறி இறங்குவதால், மாலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். நாளுக்கு 400 லிட்டர் என்றால் 45 நாளில் 18,000 லிட்டர். தென்னைக்குத்தான் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும் இந்தக் குளம்தான், அடுத்து வரும் பெரிய குளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது.

இரண்டாவது, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை மாட்டி நிறுத்தும் குளம். கடையில் ஃபிரேம் பூல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பத்தடி அகலம், இரண்டரை அடி உயரம். சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். பெரியவர்கள் உட்கார்ந்தால் கழுத்து வரை தண்ணீர். நீந்த முடியாது, மிதக்கலாம். மதியம் மூன்று மணிக்கு ஈரோட்டில் அது போதும்.

ஒருமுறை நிரப்பிய தண்ணீரைக் காப்பாற்றிவிட்டால் அதே தண்ணீரோடு கோடையை ஓட்டிவிடலாம். ஆவியாவது நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர், அதாவது 40 லிட்டருக்குப் பக்கம். பிள்ளைகள் குதித்துச் சிதறுவது தனி. இரண்டையும் ஈடுகட்டினாலும் 45 நாளுக்கு மொத்தம் எட்டாயிரம் லிட்டரைத் தாண்டாது. ஒரு சாதாரணத் தண்ணீர் லாரியில் 12,000 லிட்டர் வரும் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காப்பாற்றுவதுதான் வேலை. முதல் ஆண்டு நான் செய்த பிழை தரையில் தொடங்கியது. கண்ணால் பார்த்து மட்டம் என்று நம்பினேன். நிரப்பி முடித்த பிறகு தண்ணீரின் கோடு ஒரு பக்கம் விளிம்பில் இருந்தது, எதிர்ப் பக்கம் நான்கு விரல் இறங்கி நின்றது. நாலரை டன் எடை ஒரு பக்கமாகச் சாய, அந்தப் பக்கக் குழாய்க் கால்கள் மண்ணில் புதையத் தொடங்கின, விரிப்பு தொப்பை போட்டது. அதைக் காலி செய்து, மண்ணை வெட்டி, சலித்த மணலைப் பரப்பி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை நீளப் பலகைமேல் வைத்து நான்கு திசையிலும் பார்த்து, மேலே பழைய தார்ப்பாயை மடித்துப் போட்டு, மறுபடி நிரப்பினேன். மேட்டைத்தான் வெட்ட வேண்டும், பள்ளத்தை மண் போட்டு நிரப்பக் கூடாது. நிரப்பிய மண் பாரத்தில் அமுங்கிவிடும். இதைச் சொன்னவரும் அந்தக் கொத்தனார்தான்.

இரண்டாவது பாடம் ஐந்தாம் நாள் வந்தது. காலையில் கையை விட்டுப் பக்கச் சுவரைத் தடவினால் வழவழவென்று இருந்தது. மதியத்துக்குள் தண்ணீர் வெளிறிய பச்சை. அந்த வழவழப்புதான் முதல் எச்சரிக்கை, நிறம் மாறுவது அதற்குப் பிறகுதான். குளத்தோடு வரும் சின்ன மோட்டாரும் காகித வடிகட்டியும் தூசியைத்தான் பிடிக்கும், பாசியைக் கொல்வது குளோரின். தண்ணீரில் 10 லட்சத்துக்கு 1 முதல் 3 பங்கு குளோரின் நிற்க வேண்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் 4,500 லிட்டருக்கு 30 கிராம் போதும். அதை வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் பொழுது சாய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் சூரியன் அதைத் தின்றுவிடும். பழைய மூட்டையில் கிடக்கும் பவுடருக்கு வீரியம் இருக்காது. சொட்டு விட்டால் மஞ்சளாகும் சோதனை மருந்து ஒன்று கிடைக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது விஷவாயு.

குளோரின் நாற்றம் பிடிக்காது, இயற்கையாக விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவுக்குக் குழந்தைகள் பலியானதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அது மூக்கு வழியாக ஏறுகிறது. வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். ஏப்ரல் மாதப் பொடக்காலிக் குளம் பிற்பகலில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

இடமில்லாதவர்கள் இதையே மொட்டை மாடியில் வைக்க நினைக்கிறார்கள். வேண்டாம். ஏறி நடமாடும் மாடிக்குப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் வழக்கமான சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. இந்தக் குளம் ஏற்றுவது 600 கிலோவுக்கு மேல்.

மூன்றாவது, நிரந்தரக் குளம். சிமென்ட் கான்கிரீட்டில் கட்டி டைல்ஸ் ஒட்டுவது ஒன்று, ஃபைபர் தொட்டியாகவே கொண்டுவந்து குழியில் இறக்குவது இன்னொன்று. இரண்டும் லட்சங்களில் போகும். ஃபைபர் சீக்கிரம் முடியும், உள்பக்கம் மழமழப்பாக இருப்பதால் பாசி எளிதில் ஒட்டாது. ஆனால் கிரேன் வரத் தெரு வேண்டும். எங்கள் தெருவில் ஆட்டோ திரும்பவே ஆண்டவன் துணை வேண்டும், ஆகவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சிமென்ட் குளத்தை நம் விருப்பப்படி வளைத்துக் கட்டலாம், உண்மையாகவே நீந்தலாம். பெருந்துறைப் பக்கம் சித்தப்பா ஒன்று கட்டினார். இருபதடிக்குப் பத்தடி, நாலடி ஆழம், ஏறக்குறைய 22,600 லிட்டர். முதல் கோடையில் சொந்தக்காரர் வராத ஞாயிறு இல்லை. இரண்டாம் கோடையில் டைல்ஸ் இடுக்கின் சிமென்ட் உதிர்ந்து கால் கட்டை விரலைக் கிழித்தது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு, தண்ணீர்க் கோட்டில் வெள்ளைப் பட்டையாகப் படிந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட். இரண்டு மாத பில்லில் 270 யூனிட் இதற்கு மட்டும். இலவசமாக வரும் யூனிட் எந்த மூலைக்கு?

"கண்ணு, இது மாடு மாதிரி. பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் தீனி வைத்தே ஆக வேண்டும்" என்றார் சித்தப்பா, வேப்பிலையை வலையால் அரித்தபடி. மழைக்காலத்தில் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று அதைக் காலி செய்துவிடவும் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டியை அடியிலிருந்து தூக்கும். ஃபைபர் தொட்டி மிதந்தே வந்துவிடும். அப்படியே விட்டாலோ பத்து நாளில் கொசுப் பண்ணை. ஆண்டு முழுவதும் காலையில் நீந்துகிறவர், ஆள் வைத்துப் பராமரிக்கக் கூடியவர், இவர்களுக்கு மட்டும்தான் இது. கோடைக்காக என்று கட்டுகிறவர் ஆறு வாரத்துக்காக ஐம்பத்திரண்டு வாரம் உழைக்கிறார்.

தண்ணீருக்கே தட்டுப்பாடு வந்தால் முதலில் கைவைப்பதும் இதில்தான். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களில் குடிநீர் நிரப்பத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும்போது, மதில் மேல் தலை தெரியக் குளத்தில் நிற்க எனக்கு முகம் இல்லை.

நான்காவதைக் கடையில் வாங்க முடியாது. தோட்டத்து பம்பு செட் தொட்டி. சித்தப்பாவின் தோட்டத்தில் கிணற்று மேட்டை ஒட்டி எட்டடிக்கு எட்டடி, மூன்றடி ஆழத்தில் பழைய தொட்டி. குழாயிலிருந்து தொடை கனத்தில் தண்ணீர் விழும். முதுகைக் காட்டி நின்றால் அடிப்பது மாதிரி வலிக்கும், இரண்டு நிமிடத்தில் அந்த வலியே சுகமாகிவிடும். அடியில் பாசி வழுக்கும், ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இங்கே ஒரு சொட்டும் வீண் இல்லை, நாம் குளித்த தண்ணீர் அப்படியே வாய்க்காலில் ஓடி வாழைக்குப் பாய்கிறது. ஓடிக்கொண்டே இருப்பதால் தேங்குவதும் இல்லை. நான்கில் தண்ணீர்ச் செலவே இல்லாத குளம் இதுதான். சிமென்ட் குளத்துக்கு விருந்தாளிகள் வந்த நாட்களிலும் சித்தப்பா குளித்தது இங்கேதான் என்பதை நான் கவனித்தேன். குறை என்னவென்றால், மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் குளிக்கும் நேரம். கிணறு வற்றிவிட்டால் அதுவும் இல்லை.

பிள்ளைகளின் உயிர் என்று வரும்போது நான்கும் ஒன்றல்ல. காற்றுக் குளத்தை மாலையில் கவிழ்த்துவிடுவதால் இரவுப் பயம் இல்லை. சட்டக் குளத்தின் ஏணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். அப்படியும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயது ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாக இருக்கும் சிமென்ட் குளம்தான் மிக ஆபத்தானது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி வேண்டும். நம் ஊரில் குளத்துக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறுகிறவர்கள் வேலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. முழுகும் குழந்தை சத்தம் போடாது. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும், நான்கு குளத்துக்கும்.

சிறு குழந்தை மட்டும் உள்ள வீட்டுக்குக் காற்றுக் குளம், அதிலும் பாதி நிரப்பினால் போதும். மற்றபடி வாடகை வீடோ சொந்த வீடோ, தரை இருந்தால் என் ஓட்டு சட்டக் குளத்துக்கே. ஜூன் முதல் வாரம் குளோரினை நிறுத்தி, மூன்று நாள் வெயிலில் விட்டு, தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பி, விரிப்பை நிழலில் காயவைத்து, பவுடர் தூவி மடித்துப் பரணில் ஏற்றிவிடலாம். ஈரத்தோடு மடித்தால் மடிப்பெல்லாம் கரும்புள்ளி. என்னுடையதில் ஏழு இருக்கின்றன.

இந்த ஆண்டும் அதே குளம்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சித்தப்பா தோட்டம். மணல் சலித்தாயிற்று. ரசமட்டத்துக்குக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பரீட்சை முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.