முள் பொய் சொன்ன லாரியும் தக்கலையின் மீட்டர் பட்டறையும்

தக்கலையிலிருந்து குலசேகரம் செல்லும் சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறையைப் பற்றிய மதிப்பீடு இது. லாரிகளின் டேஷ்போர்டு மீட்டர், வயரிங், செல்ஃப் மோட்டார் ஆகிய வேலைகளை மட்டுமே அங்கே செய்கிறார்கள், என்ஜினைத் தொடுவதில்லை. என்ஜினைத் தொடாத ஒருவரிடம் ஆயில் பிரஷர் குறைகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லாரி 1996-ஆம் ஆண்டு வண்டி. புத்தளம் உப்பளத்தில் உப்பு ஏற்றிக் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போய், திரும்பும்போது கிடைக்கிற லோடை ஏற்றி வரும். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு, பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சில நொடிகளில் மேலே வரத் தொடங்கியது. நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்காமல், மெயின் பேரிங்கும் ஆயில் பம்பும் போய்விட்டன, என்ஜினை இறக்க வேண்டும், ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். பழைய என்ஜினில் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் எளிதாக வழிந்துபோய்ப் பிரஷர் குறைவது உண்மைதான். ஆனால் அப்படித் தேய்ந்த என்ஜினில், ஆயில் சூடாகி இளகிய பிறகு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் நிற்கும்போதுதான் முள் மெல்ல இறங்கும். பள்ளத்தைப் பார்த்து விழாது. இந்தச் சந்தேகத்தை ஓட்டுநர் கிளப்பியதால்தான் தக்கலைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். வேலை பழகும் பையன்கள் அவரை ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளே எனக்கு நம்பிக்கை தந்தன. முள் விழும்போது ஆயில் பிரஷருக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, டேப்பட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம் கூடுகிறதா, டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் அந்த நேரத்தில் ஆடுகின்றனவா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்பதே எங்கள் பதில். விளக்குக்கான சுவிட்சு தனி, மீட்டருக்கான யூனிட், அதாவது என்ஜினில் மாட்டியிருக்கும் அழுத்தத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் உணரி, தனி. பிரஷர் உண்மையிலேயே பூஜ்யமானால் விளக்கு எரிந்தே தீரும். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் இந்த வாதம் நிற்காது என்பதால், சாவியைப் போட்டு விளக்கு எரிவதையும், ஸ்டார்ட் செய்ததும் அணைவதையும் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டு முள்களும் சரியாக இருப்பதால் மீட்டர்களுக்குப் பொதுவாகக் கரண்டு வரும் வழியில் குறை இல்லை என்றும் சொன்னார். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி அளவைப் பார்த்து, ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தார்.

"என்ஜினத் திறக்கண்டாம் அண்ணாச்சி, முதல்ல வயரப் பாப்போம்" என்று அவர் சொன்னபோது பாதி பாரம் இறங்கியது.

எங்கள் வண்டியில் இருப்பது, பிரஷர் கூடக் கூட மின்தடையும் கூடுகிற வகை யூனிட். பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் சுமார் 180 ஓம் காட்டும். ஆகவே யூனிட்டின் வயரைக் கழற்றிவிட்டால் முள் மேல் எல்லைக்குப் போக வேண்டும். அதே வயரை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பில், தொட்டால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். சில பழைய அமெரிக்க வகை மீட்டர்களில் இது தலைகீழாக, 240 ஓமில் பூஜ்யமும் 33 ஓமில் முழு அளவுமாக இருக்கும். வகை தெரியாமல் இந்தச் சோதனையைச் செய்கிறவர் நல்ல மீட்டரையும் கெட்டது என்று சொல்லிவிடுவார். ஆசான் வயரைக் கழற்றியதும் முள் மேலே போனது. ஒரு பையனை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வயர் போகும் வழியெல்லாம் கையால் அசைத்துக்கொண்டே வந்தார். என்ஜின் மவுண்டிங் அருகே ஒரு பிராக்கெட்டைத் தாண்டும் இடத்தில் அசைத்தபோது முள் விழுந்தது. அங்கே வயரின் மேலுறை உரசித் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. பள்ளத்தில் என்ஜின் குலுங்கும்போதெல்லாம் அந்தச் செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. லட்ச ரூபாய் வேலை என்று சொல்லப்பட்டது இந்த அரை அங்குலம்தான்.

இதோடு அனுப்பியிருந்தால் இந்தப் பட்டறை நல்ல பட்டறை என்று மட்டும் எழுதியிருப்பேன். புது வயர் இழுத்து, அதற்குக் குழாயுறை போட்ட பிறகு, யூனிட்டைக் கழற்றி அந்தத் துளையில் தன் டெஸ்ட் மீட்டரை மாட்டினார். அது மின்சாரம் வேண்டாத, ஆயிலின் அழுத்தத்தால் நேரடியாக முள் நகரும் மீட்டர். மரை பொருந்தாத இணைப்பைத் திணித்தால் என்ஜின் பிளாக்கின் துளையே கெட்டுவிடும் என்பதால், ஒரு டப்பா நிறைய வெவ்வேறு மரை இணைப்புகள் வைத்திருக்கிறார். அதற்கு முன்பே வண்டியை அழகியமண்டபம் வரை ஓட்டிச் சூடாக்கி வரச் சொல்லியிருந்தார். சூடான என்ஜினில், ஸ்லோவில் 1.4 கிலோ, ஆக்ஸிலேட்டரை மிதித்து வேகம் கூட்டியபோது 4 கிலோவை நெருங்கியது. இந்த வயதுக்கு இது தாராளம். ஆனால் யூனிட்டைத் திரும்ப மாட்டியதும் டேஷ்போர்டு மீட்டர் அதே ஸ்லோவில் 2.5-க்கு மேல் காட்டியது. என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டால், பூஜ்யத்தில் இருக்க வேண்டிய முள் 1-க்குச் சற்று மேலே நின்றது. எத்தனை மாதமாக அப்படி நின்றதோ, எங்கள் வீட்டில் ஒருவரும் கவனித்ததில்லை.

காரணம் எங்கள் பிழைப்பிலேயே இருந்தது. ஒற்றை வயர் யூனிட்டுக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. எப்போதோ ஆயில் கசிவை நிறுத்த யாரோ அந்த மரையில் மின்சாரம் கடத்தாத வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்கள். போதாததற்கு, என்ஜினையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டில் வயர் மாட்டும் இடத்தில் வைத்து, மறு முனையை யூனிட்டின் உடலில் வைத்தால் 11 ஓம், சேசிஸில் வைத்தால் 34 ஓம். அந்த 23 ஓமும் மீட்டருக்குப் பிரஷராகவே தெரியும். பூஜ்யத்துக்கு விழுந்த முள் எங்களைப் பயமுறுத்தியது. ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியது இந்த மிகைக் கணக்குக்குத்தான், ஏனெனில் பிரஷர் நிஜமாகவே இறங்கும் நாளிலும் இந்த முள் ஒரு கிலோவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். டேப்பைச் சுரண்டி எடுத்துச் செம்பு வாஷர் போட்டு, எர்த் பட்டையை மாற்றி, தொடும் இடங்களைப் பளபளவென்று தேய்த்துக் கிரீஸ் பூசினார்கள். இப்போது சேசிஸிலிருந்தும் 11 ஓம்தான்.

மொத்தச் செலவு 1,450 ரூபாய். அதில் 800 லேபர், மீதி வயர், பட்டை, வாஷர். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்காமலே கையில் கொடுத்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேர வேலைக்கு ஆறு மணி நேரம் ஆனது, ஏனென்றால் இடையில் வந்த மூன்று வண்டிகளுக்கும் ஆசான் எழுந்து போனார். பில் கிடையாது, வற்புறுத்திக் கேட்டதால் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். டெஸ்ட் மீட்டரை நின்ற வண்டியில் மட்டும் பார்த்தார்கள். லோடு ஏற்றி ஓடும்போதும் ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். கேட்டபோது, ஓடும் வண்டியில் டெஸ்ட் மீட்டரின் ஆயில் டியூபைத் தொங்கவிட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அது நியாயமான மறுப்புத்தான்.

பெரிய லாரியைப் பட்டறைக்குள் திருப்ப முடியாது. பின்பாகம் சாலையில்தான் நிற்கும். ஆகவே பள்ளிப் பேருந்துகள் ஓடும் நேரத்தைத் தவிர்த்து, காலை பத்து மணிக்கு மேல் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை.